அது பெட்டிக்குள் இருக்கிறது

இத்தாலி அன்ரியிடம் "யாருக்கு வாக்குப் போட்டீர்கள்?" என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. முதலில் கேட்டவர் அவருடைய தகப்பனார். பிறகு ஊர்ப் பாதிரியார், புருஷன், புருஷனின் தமையன், ரொறன்ரோவில் அவருக்குத் தலைமுடி வெட்டிவிடும் பெண் என்று ஒரு வரிசையே கேட்டுப் பார்த்தது. நானும் ஒருதடவை கேட்டிருக்கிறேன். "அது பெட்டிக்குள் இருக்கிறது" என்பார். அதற்குமேல் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு சொல் வராது. கோபமாகச் சொல்வதில்லை. கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கோப்பி குடிக்கிறாயா என்று கேட்பார்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், ஏழாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. புருஷன் செத்தபிறகு வீட்டை விற்றுவிட்டு அங்கே வந்தவர். அந்த மாடியில் பாதிக்கு மேல் எங்கட சனம். பிள்ளைகள்தான் முதலில் அவரை இத்தாலி அன்ரி என்று கூப்பிடத் தொடங்கின. பிறகு அறுபதைத் தாண்டிய நானும், தொண்ணூறைத் தாண்டிய அந்த மனுசியை வெட்கமில்லாமல் அன்ரி என்றேன். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து ஒரு முழுசாகிவிடும் என்று என் மனைவி பகிடி பண்ணுவாள். அவர் பேசியதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். பேசியபோது அது இவ்வளவு ஒழுங்காக இருக்கவில்லை.

குள்ளமான மனுசி. வெயில் காலத்திலும் கறுப்புக் கம்பளிச் சட்டைதான். நடப்பதற்கு நாலு சில்லு வைத்த வோக்கர் ஒன்று இருந்தது. களைத்தால் அதிலேயே உட்காரலாம். அதன் கூடைக்குள் உப்பில் ஊறிய ஒருவகைக் கடலையைப் போத்தலில் வைத்திருப்பார். எலிவேற்றரில் சந்திக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அதில் ஒரு பிடி கிடைக்கும்.

அறுபது வருடங்களுக்கு மேல் கனடாவில் இருந்தும் அவர் கனடியப் பிரசை ஆகவில்லை. நாங்கள் வந்து கொஞ்சக் காலத்திலேயே பரீட்சை எழுதி, கையை உயர்த்திச் சத்தியம் செய்து, படம் எடுத்து லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பியவர்கள். ஏன் நீங்கள் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அந்தக் காலத்தில் இதை எடுத்தால் இத்தாலிப் பிரசாவுரிமையை விட வேண்டும். அதை விட்டால் என் வாக்கு போய்விடும்" என்றார். அந்த ஒரு வாக்குக்காக இரண்டு தடவை விமானம் ஏறி ஊருக்குப் போய் வந்திருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்கள் தபாலில் வாக்களிக்கலாம் என்று அவர்களுடைய பாராளுமன்றம் பிற்பாடு சட்டம் போட்டது. அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு கதவு தேடி வந்தது.

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வாக்கு விஷயத்தில் நான் வேறு விதமாகப் பழகியவன். யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தலுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் வாக்குச்சாவடிக்குப் போனேன். என் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு இழுத்திருந்தது. "நீங்கள் போட்டிட்டியள்" என்றார் மேசையில் இருந்தவர், என் முகத்தைப் பாராமல். அடுத்த தேர்தலுக்கு ஒருவரும் போகக்கூடாது என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். போகவில்லை. வாக்கு என்பது யாரோ எங்களுக்காகப் போட்டுவிடுகிற ஒரு காரியம் என்றுதான் நான் விளங்கி வைத்திருந்தேன்.

அந்த விளக்கத்தோடுதான் இங்கேயும் வந்தேன். ஒரு தேர்தலின்போது வேட்பாளர் ஒருவரின் ஆள் கதவைத் தட்டினான். "எங்கள் வீட்டில் நாலு வோட்டு. நாலும் உங்களுக்குத்தான்" என்று நான் தாராளமாகச் சொன்னேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. தேர்தலன்று நான், மனைவி, மகன், மகள் நாலு பேரும் ஒரே காரில் போவோம். காரை நிறுத்தி என்ஜினை அணைக்கும்போது நான் பெயரைச் சொல்வேன். எல்லோரும் இறங்கிப் போய் அந்தப் பெயருக்குப் போட்டுவிட்டு, வருகிற வழியில் தமிழ்க்கடையில் றோல்ஸ் வாங்கிக்கொண்டு வருவோம். எதிர்க்கதவில் நின்ற அன்ரி இதைக் கேட்டுவிட்டார். வந்தவன் போனதும், "நாலா?" என்றார். ஓம் என்றேன். "உன்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றையும் எங்கே எடுத்தாய்?" என்று கேட்டுவிட்டு வோக்கரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். மனைவி மறக்கவில்லை. அந்த முறை காருக்குள் நான் பெயரைச் சொன்னபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "சரியான ஆளுக்குத்தானே போட்டனீர்?" என்று கேட்டேன்.

"அது பெட்டிக்குள்ள இருக்குதப்பா" என்றாள்.

முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள். நான் எதிர்க்கதவைத் தட்டி முறைப்பாடு வைத்தேன். அன்ரி வோக்கரில் உட்கார்ந்து உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தார். இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, அவள் யாருக்குப் போட்டாள் என்று.

இன்னொரு முறை உடுப்புத் தோய்க்கிற அறையைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர், சூப்பர் என்று எல்லோரும் கூப்பிடுவோம், அந்த அறையை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிட வேண்டும் என்று விரும்பினார். வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறவன் எப்போது தோய்ப்பது? ஆனால் சூப்பர் முன்னால் நின்று, "சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றதும் ஒவ்வொரு கையாக எழும்பியது. எங்கள் குசினியில் தண்ணீர்க்குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர்தான் வந்து திருத்த வேண்டும். நானும் தூக்கினேன். அன்ரி மட்டும், "பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். இருபது நிமிடம் கழித்துச் சப்பாத்துப் பெட்டி ஒன்றோடு வந்தார். மூடியில் கத்தியால் நீளமாக ஒரு வெட்டு வெட்டியிருந்தார். காலண்டர் தாளைக் கிழித்துச் சதுரம் சதுரமாகத் துண்டுகளும் கொண்டுவந்திருந்தார். தொண்ணூறு வயதுக்காரி சொன்னால் யார் மறுப்பது? ஒவ்வொருவராகப் போய் மூலையில் நின்று எழுதிப் போட்டோம். எண்ணியபோது ஆறு மணிக்குப் பூட்டுவதற்கு இரண்டே இரண்டு வாக்கு. ஒன்று சூப்பருடையது. மற்றது யாருடையது என்று கூட்டத்தில் கசமுசா எழும்பியதும், அன்ரி பெட்டியை மேசையில் ஓங்கித் தட்டி, அதைக் கேட்கக்கூடாது என்றார். மனைவி இன்னமும் என்னைத்தான் சந்தேகப்படுகிறாள்.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கோப்பி குடிக்கிற நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தோம். யுத்தம் முடிந்த மறுவருடம் அவருக்கு இருபத்தொரு வயது. அவர்களுடைய நாட்டில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த பெரிய தேர்தல் அது. இரண்டு சீட்டு: அரசன் வேண்டுமா வேண்டாமா என்று ஒன்று, புதிய சட்டம் எழுதப்போகிற சபைக்கு ஆட்களைத் தெரிவுசெய்ய இன்னொன்று. சீட்டின் ஓரத்தில் பசை இருந்ததாம். நாக்கால் ஈரப்படுத்தி மடித்து ஒட்ட வேண்டும். அதில் உதட்டுச்சாயம் பட்டால் அது இன்னாருடைய சீட்டு என்பதற்கு அடையாளமாகிவிடும், வாக்கு செல்லாது. ஆகவே பெண்கள் சாயம் பூசாமல் வரும்படி பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

"எங்களுடையது மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிற குடும்பம். எனக்கு உதட்டுச்சாயத்தின் நிறமே தெரியாது" என்றார் அன்ரி. "ஆனால் அதை வாசித்தபிறகு, வாக்குப் போடுகிறவள் என்றால் அவளிடம் ஒரு உதட்டுச்சாயம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது." தையற்காரரின் மகளிடம் இரவல் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெறும் உதட்டோடு போனார். போட்டார். வெளியே வந்து, பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் நின்று நன்றாக அப்பிப் பூசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தகப்பனார் வாசலில் நின்று, இதை யார் தந்தது, நீ யாருக்குப் போட்டாய் என்று இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கேட்டார். "முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அறை விழுந்தது." இதைச் சொல்லும்போது அந்தக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார்.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியாமல் இருந்தது அவருடைய புருஷன் விஷயம். அந்த மனுசன் ஐம்பது வருடத்துக்கு மேலாக அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். முதலில் அதட்டி, பிறகு கெஞ்சி, பிறகு வேடிக்கையாக. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "இப்போதாவது சொல், அந்த முதல் தடவை யாருக்கு?" என்று கேட்டாராம். அன்ரி சொல்லவில்லை. என் மனைவியே பொறுக்கமாட்டாமல், "பாவம் அன்ரி, சாகப்போகிற மனுசனுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அன்ரி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஐம்பது வருடத்தில் ஒரு நாளாவது, இரவுக்கு உனக்கு என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டிருந்தால், ஒருவேளை இதையும் சொல்லியிருப்பேன்" என்றார். மனைவி தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், அவர்களுடைய பாராளுமன்றத் தேர்தலுக்கான சீட்டுகள் தபாலில் வந்தன. அந்தக் குளிர்காலம் அன்ரியை நன்றாகத் தளர்த்திவிட்டிருந்தது. கை நடுங்கியது. "இதுதான் என் கடைசி வாக்கு. அடுத்த தேர்தலுக்கு நான் இருக்கமாட்டேன்" என்று ஒருவித ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சொன்னார். அதனால் இதை ஒழுங்காகச் செய்து முடிக்கவேண்டும் என்றார். நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். நான் அரை மணித்தியாலம் தாழ்வாரத்தில் நின்றேன், அரசாங்கக் கச்சேரி வாசலில் நிற்கிறவன் மாதிரி. சீட்டை வெள்ளைச் சிறு உறைக்குள் போட்டு ஒட்டி, அதைப் பெரிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். பெரிய உறையில் துணைத் தூதரகத்தின் விலாசம் ஏற்கெனவே அச்சடித்திருக்கும். கதவைத் திறந்து அந்தப் பெரிய உறையை என் இரண்டு கையிலும் வைத்தார். வெளியே நடைபாதை ஐஸ் கட்டியிருந்தது. "நீ போட்டுவிட்டு வா. உன்னை நம்புகிறேன்" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு உபதபால் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். யுத்தகாலத்தில் ஊர் ஊராகச் சனம் எழும்பி ஓடியபோது கடிதங்கள் வந்து குவியும், வாங்குவதற்கு ஆள் இருக்காது. பின்பக்கத்தில் அனுப்பியவரின் விலாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் சாக்கில் போட்டுக் கட்டி வைப்பதுதான். அப்படிக் கட்டிய சாக்குகளுக்கு மேலேயே உட்கார்ந்து நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே ஒரு கடித உறையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் என்னால் சும்மா இருக்க ஏலாது. சப்பாத்துப் போட வீட்டுக்குள் போனவன், பேனையை எடுத்து, உறையின் பின்னால் அன்ரியின் முழுப்பெயர், கதவு இலக்கம், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் வடிவாக எழுதினேன். காற்றில் காயவிட்டு, தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியில் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

திரும்பி வந்தபோது அன்ரி கோப்பி வைத்திருந்தார். "இனித் தொலையாது. பின்னால் உங்கள் பெயர் விலாசம் எல்லாம் எழுதித்தான் போட்டேன்" என்றேன்.

அவர் கோப்பிப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பிலேயே வைத்தார். சீட்டோடு வந்து மேசையில் கிடந்த விளக்கத்தாளை எடுத்துத் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தொட்டு, ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். உறையில் அனுப்புகிறவரின் பெயரோ அடையாளமோ எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் வாக்கு செல்லாது. பிறகு தன்னுடைய மொழியில் இரண்டு மூன்று சொல் சொன்னார். அர்த்தம் கேட்கத் தேவையிருக்கவில்லை.

துணைத் தூதரகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்த பெண், அந்த உறையைத் திருப்பி எடுக்க முடிந்தால் நாளை மத்தியானத்துக்குள் கொண்டுவாருங்கள், வேறு உறை தருகிறோம் என்றாள். தபால்பெட்டியில் மூன்று மணிக்கு எடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. அப்போது இரண்டு பத்து. நான் ஓடினேன் என்று சொல்ல விருப்பம். ஆனால் அன்ரி, "நானும் வருகிறேன், அது என்னுடையது" என்று சொல்லி மேலங்கியைப் போட்டுக்கொண்டார். ஐஸில் வோக்கரை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடித்தது.

சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வோக்கரை நிறுத்தி அவரை அதில் இருத்தினேன். என்னுடைய சால்வையைக் கழற்றி அவருடைய முழங்காலில் சுற்றினேன். காற்று முகத்தை அறுத்தது. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அந்த முதல் தேர்தல் இரண்டு நாள் நடந்ததாம். முதல் நாள் வாக்களிப்பு முடிந்ததும் பெட்டியை மூடி முத்திரை வைத்துப் பள்ளிக்கூடத்துக்குள் பூட்டினார்கள். யாராவது திறந்துவிடுவார்களோ என்று பயந்து, ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் விடியும்வரை வாசற்படியிலேயே இருந்தார்கள். அதில் அன்ரியும் ஒருத்தி.

"யாராவது வந்தார்களா?" என்று கேட்டேன்.

"வந்தார்."

"யார்?"

"என் அப்பா. அன்றைக்கு என்னை அடித்துவிட்டு நித்திரை வரவில்லையாம். காவலுக்கு நின்றவன் அவருடைய சிநேகிதன். ஒரே ஒரு சீட்டுத்தான், என் சொந்த மகளுடையது, அவளுடைய புள்ளடி எனக்குத் தெரியாதா, பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன் என்று கேட்டார். அழுதார். அவன் மனம் இளகித் திறக்கச் சாவியை எடுத்துவிட்டான். நாங்கள் கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டோம்." அன்ரி கையுறையால் மூக்கைத் துடைத்தார். "அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்."

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தபால் வான் வந்தது. இறங்கியது ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தைப் பார்த்ததும் எங்கட பிள்ளை என்று தெரிந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பிள்ளை, எந்த ஊர்?"

"பிக்கரிங், அங்கிள்."

"அதில்லைப் பிள்ளை, அப்பா அம்மா?"

"சாவகச்சேரி. ஏன் அங்கிள்? இந்தக் குளிருக்குள்ள இதில என்ன செய்யிறியள்? அவ ஓகேயா?"

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடி கேட்டாள். "ஐ ஆம் சோ சொறி, அங்கிள். பெட்டிக்குள்ள விழுந்திட்டால் எடுத்துக் குடுக்க எனக்கு ஏலாது. அது ரூல்."

"தெரியும் பிள்ளை. நானும் தபால் கந்தோரில இருந்தவன்தான். இருபத்திரண்டு வருசம் நானும் சனத்துக்கு இதைத்தான் சொன்னனான்."

"பிறகென்ன அங்கிள்?"

"பிழை என்ர. அவவுக்குத் தொண்ணூறு தாண்டீற்றுது. இதுதான் அவவின்ர கடைசி வோட்டு." நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அன்ரிக்கும் விளங்கட்டும் என்று அடுத்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். "ஒரே ஒரு கடிதம். அவருடைய சொந்தக் கடிதம். எடுத்துவிட்டு மூடிவிடு, யாருக்கும் தெரியவராது."

அவள் அன்ரியைப் பார்த்தாள். அந்தச் சிவந்த மூக்கையும் சால்வை சுற்றிய முழங்காலையும் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் திறந்தாள். தேட அதிக நேரம் ஆகவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்து, அன்ரியிடம் பெயரைக் கேட்டாள். அன்ரி சொன்னார். "வடிவா எழுதியிருக்கிறியள் அங்கிள். இப்பிடி எழுதினபடியால்தான் இது அவவின்ர எண்டு எனக்குத் தெரியுது" என்று சொல்லி உறையை நீட்டினாள்.

அன்ரி வாங்கவில்லை. நீட்டிய கையையும் உறையையும் பார்த்துக்கொண்டு, "இதற்கு முன் யாருக்காவது இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒருநாளும் இல்லை."

"கேட்டிருக்கிறார்களா?"

"நிறையப் பேர். அழுதுகொண்டும் கேட்டிருக்கிறார்கள்."

"என்ன சொன்னாய்?"

"முடியாது என்று."

அன்ரி இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார். "அதையே எனக்கும் சொல்" என்றார்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் பதறிப்போய், அன்ரி, வாங்குங்கள், நாளைக்கே நான் கூட்டிக்கொண்டு போகிறேன், புது உறையில் போடலாம், உங்கள் கடைசி வாக்கு வீணாகப் போகவேண்டாம் என்று தமிழும் ஆங்கிலமுமாக மன்றாடினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"முடியாது, மாம். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அவள், மிகவும் மெதுவாக. உறையை மற்றக் கடிதங்களோடு பைக்குள் போட்டாள். அன்ரி அவளுக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். அவள் வானில் ஏறி, கொஞ்ச நேரம் அதை ஸ்ரார்ட் பண்ணாமல் இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதி வழியில் நின்று, "உன் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில், பட்டப்பகலில், நாலு பேர் போய்வருகிற தெருவில் நின்று அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

தேர்தல் முடிந்து சில நாட்களின் பின் முடிவுகள் வந்தன. அன்ரிக்கு வாசித்துக் காட்டுவதற்காக என் மகள் அதைக் கணினியில் தேடி எடுத்துத் தந்தாள். அவருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டு வாக்காளர்களுடைய பகுதியை ஒவ்வொரு கட்சியாக வாசித்தேன். எந்தப் பெயர் வந்தபோதும் அந்த முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நானும் கள்ளத்தனமாகக் கவனித்துக்கொண்டுதான் வாசித்தேன். வாசித்து முடிந்தது என்று நினைத்து எழும்பப் போனேன்.

"செல்லாதவை எத்தனை?" என்று கேட்டார்.

பக்கத்தின் அடியில் அது இருந்தது. பெரிய எண். நான் அதை வாசித்தேன். அன்ரி ஒரு விரலைத் தூக்கினார்.

"அதில் கடைசியாகச் சேர்ந்த அந்த ஒன்று நான்" என்றார். "பார்த்தாயா, என்னை எண்ணியிருக்கிறார்கள்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்த எண்ணை இன்னொரு முறை, மெதுவாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.